வோல்டேஜ் இல்லாத ஊடு

ரமீஸா என்ற பெயர் பீவி ஜானின் காதில் முதல்முதலாக விழுந்தது பொன்னேரியில் ஒரு வலிமா விருந்தில். பீவி ஜானின் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருந்தாள், அவளுடைய இளைய மகன் கல்யாணம் அது. பெண்கள் நாலு நாலு பேராகத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே சஹனில் கை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சஹனில் ஒரு கிழவி, "ஏ ரமீஸா, கறியெல்லாம் உன் பக்கமே இழுத்துகினா நாங்க இன்னா மண்ணையா துன்றது?" என்றாள்.

"நீங்க எலும்ப எம்பக்கம் தள்னீங்க. அது கூட வந்த கறியத்தான் நான் துன்றேன்" என்றாள் அந்தப் பெண்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பீவி ஜான் சிரிக்கவில்லை. எந்த ஊர் என்று விசாரித்தாள். ஆந்திர எல்லையில் ஊத்துக்கோட்டை, அங்கே சந்தையில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிற ராவுத்தர் வீட்டுப் பெண் என்றார்கள். "எல்லைக்கு அந்தாண்டையும் இந்தாண்டையும் வியாபாரம் பண்ற வாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள் பீவி ஜான்.

அடுத்த வருஷம் அந்த வாய் அவள் தம்பிக்கே பெண்டாட்டியாக வந்து சேர்ந்தது. பீவி ஜான் கேட்டுச் செய்த கல்யாணமில்லை அது. அவள் புருஷன் சவுதியில் தம்மாமில் இருந்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்த, பெண்ணின் தகப்பனுக்குத் தெரிந்த யாரோ சொல்லி, போனிலேயே பேசி முடித்துவிட்டார். புருஷன் வார்த்தையை மீறுகிற வழக்கம் பழவேற்காட்டில் அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. ஆனால் பிடிக்காததைப் பிடித்த மாதிரி காட்டுகிற வழக்கமும் பீவி ஜானுக்குக் கிடையாது.

தம்பி ஜலாலுதீன் தவழ்கிற வயதில் அவர்கள் தாய் மவுத்தாகிவிட்டாள். இறால் ஏலத்துக்குப் போகிற தகப்பனுக்குக் குழந்தை அழுவதே கேட்காது. அக்காதான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைத்தாள், இடுப்பில் வைத்துக்கொண்டே கல்யாணமும் பண்ணிக்கொண்டாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். அப்படி வளர்த்தவனை ஒருத்தி வந்து ஒரே மாதத்தில், "அவருக்குப் புளிச்சாறு புடிக்காது அண்ணி, உங்களுக்கு பயந்துதான் இத்தினி நாளா குடிச்சிகினு இருந்தாராம்" என்று சொன்னால் எந்த அக்காவுக்குத்தான் வயிறு எரியாது?

அதற்குப் பிறகு, அவர்கள் பீவி ஜான் வீட்டிலேயே குடியிருந்தபோதுதான் ஜூஸர் விஷயம் நடந்தது. பழவேற்காட்டில் அரபு நாட்டுச் சம்பாத்தியம் உள்ள வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. தம்மாம் கரண்டு நம் கரண்டில் பாதிதான். அதனால் அங்கிருந்து வந்த எந்தச் சாமானையும் சுவரில் நேராகச் சொருகக் கூடாது. ஸ்டெப்டவுன் என்று செங்கல் கனத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதைச் சுவரில் சொருகி, சாமானை அந்தப் பெட்டியில் சொருக வேண்டும். வருகிற கரண்டை அது பாதியாக்கிக் கொடுக்கும். ஊத்துக்கோட்டைக்காரிக்கு இது எப்படித் தெரியும்? முதல் நோன்பில், நோன்பு திறக்கச் சாத்துக்குடி பிழியலாம் என்று ஜூஸரை நேராகச் சுவரில் சொருகினாள். டப்பென்று ஒரு சத்தம். வீடெல்லாம் புகை. பீவி ஜானின் புருஷன் கடைசியாகக் கொண்டுவந்த சாமான் அது. அடுத்த வருஷம் அவர் தம்மாமிலேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமுமாகிவிட்டார். அதனால் எரிந்த ஜூஸருக்கு மவுசு கூடிவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் பீவி ஜான் அலமாரியைத் திறந்து அதைக் காட்டுவாள்.

"தோ பாரு, மிஷின் எரிச்சவ பண்ண வேல."

ஜலாலுதீனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டும் மில் ஒன்றில் கிரேன் ஓட்டும் வேலை. பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி போய், ரயில் பிடித்துப் போய் வருவது உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லிக் கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு லைன் வீட்டுக்குக் குடி போனார்கள். உடம்புக்கு ஆகாமல் போனது யாருடைய உடம்புக்கு என்று பீவி ஜானுக்குத் தெரியும். ரமீஸா அங்கே வீட்டிலிருந்தபடியே உள்பாவாடை தைத்துப் போட்டாள். ஒரு மகள் பிறந்தாள், சபூரா என்று பெயர். வாப்பா என்று கூப்பிட வேண்டிய பிள்ளை தாயின் ஊர் வழக்கப்படி தகப்பனை "நைனா" என்று கூப்பிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் பீவி ஜானுக்குப் பல் கூசும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜலாலுதீன் கிரேன் மேலேயே தூங்கிவிட்டான். கொக்கியில் இரும்புக் கட்டை தொங்குகிறது, கீழே ஆட்கள் கத்துகிறார்கள், மேலே குறட்டை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. போர்மேன் அவனைக் கீழே இறக்கிவிட்டு, டாக்டர் சொன்னால்தான் இனிமேல் ஏணி ஏறலாம் என்றுவிட்டார். சென்னையில் ஒரு டாக்டர் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் முழித்திருக்கும்போது கண் சொருகுகிறது என்றார். மூக்கில் கவசம் மாட்டிக் காற்றைத் தள்ளுகிற மிஷின் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டுதான் இனித் தூங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

பீவி ஜானின் மகன் அஃப்தாப் அப்போது தம்மாமில் தகப்பன் பார்த்த வேலையிலேயே இருந்தான். மாமனுக்காக அங்கே ஒரு மிஷின் வாங்கி, மீஞ்சூர் ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அது பழவேற்காட்டு வீட்டுக்குத்தான் வந்தது. ஸ்டெப்டவுன் இருக்கிற வீடு அதுதானே. ஜலாலுதீன் லீவு போட்டு அக்கா வீட்டில் இருந்து, அதை மாட்டிக்கொண்டு தூங்கிப் பழகினான். பீவி ஜான் ஊரில், "தம்பி மிஷின்ல இருக்கான்" என்று சொல்லப் போக, ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுக்கிறவர்களை மிஷினில் வைத்திருப்பார்களே அப்படி என்று நினைத்து, இரண்டு தெருப் பெண்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே ஜலாலுதீன் நாஷ்டாவுக்கு ஆப்பம் தின்றுகொண்டிருந்தான்.

இரண்டே வாரத்தில் அவன் முகம் தெளிந்தது. போர்மேன் கிரேனைத் திருப்பிக் கொடுத்தார், நைட் ஷிப்டில். மிஷினைக் கும்மிடிப்பூண்டிக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று ரமீஸா வந்து நின்றாள். பீவி ஜான் மிஷினையும் ஸ்டெப்டவுனையும் ஒரே துணியில் கட்டி வைத்துக்கொண்டு, கொடுக்கவில்லை.

"மொதல்ல அவன் தலைல கைய வெச்சு சத்தியம் பண்ணு. ஸ்டெப்டவுன் இல்லாம இத நான் சொருவ மாட்டேன், எவனையும் சொருவ உட மாட்டேன்னு."

"அல்லா மேல சொல்றேன் அண்ணி, போதாதா?"

"அல்லா மன்னிச்சிருவான். அதுக்குத்தான் தம்பி தலைய கேக்குறேன்."

ரமீஸா புருஷன் தலைமேல் கை வைத்துச் சொன்னாள். ஜலாலுதீன் இரண்டு பேருக்கும் நடுவில் சலூனில் உட்கார்ந்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

கும்மிடிப்பூண்டியில் மிஷின் எழுந்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. அவன் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கிறவன். பகலெல்லாம் மிஷின் செத்துக் கிடந்தது. வார லீவுக்குப் பழவேற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். அங்கே சொருகின உடனே பச்சை விளக்கு எரிந்து காற்று வந்தது. திரும்பக் கும்மிடிப்பூண்டி, திரும்பப் பிணம்.

பீவி ஜானுக்கு அன்று உண்டான சந்தோஷத்தை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. மகனுக்குப் போன் போட்டாள். நம் வீட்டில் ஓடுகிறது, அவள் வீட்டில் ஓடவில்லை என்று சொன்னாள். ஸ்டெப்டவுன் நடுவில் இருப்பதை அவள் சொல்லவில்லை. ஊரறிந்த சங்கதியைத் தனியாக யாராவது சொல்வார்களா? அஃப்தாப், "அங்க வோல்டேஜ் இருக்காதும்மா" என்றான். அது போதும் அவளுக்கு. பழவேற்காட்டில் கடற்கரை வரைக்கும் அந்த வார்த்தை போயிற்று. எங்க தம்பி குடித்தனம் பண்றது வோல்டேஜ் இல்லாத ஊடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது கும்மிடிப்பூண்டியிலும் ஓடிற்று. ரமீஸா போனில் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் ஓடுறதுக்கு அது இன்னா சர்ச்சா?" என்றாள் பீவி ஜான்.

திங்கட்கிழமை மறுபடி நின்றுவிட்டது. ஜலாலுதீனுக்குக் கண் சொருக ஆரம்பித்தது. போர்மேன் முறைக்க ஆரம்பித்தார். அவன் இரண்டு பெண்களிடமும் ஒரே பேச்சைத்தான் சொன்னான், "மிஷின் ஓடுற ஊட்லதான் நான் இருக்க முடியும். கிரேன் போச்சுன்னா எனக்கு வேற வேல தெரியாது." பீவி ஜான் அதைப் பிடித்துக்கொண்டாள். அவனைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவது, அங்கிருந்தே வேலைக்குப் போகட்டும், பெண்டாட்டிக்கு அவன் மேல் ஆசை இருந்தால் பாவாடை மிஷினைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரட்டும், வராவிட்டால் ஊத்துக்கோட்டைக்கு பஸ் இருக்கிறது. இப்படி முடிவு பண்ணி, போனிலும் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை கும்மிடிப்பூண்டியில் போய் இறங்கினாள்.

அவள் உள்ளே நுழையும்போது ஜலாலுதீன் ஷிப்டு சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. தரையில் வரதன் என்கிற எலக்ட்ரீஷியன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டை ஒட்டி வெல்டிங் பட்டறை. அங்கே தீப்பொறி பறக்கும்போதெல்லாம் இங்கே மின்விசிறி சோர்ந்து சோர்ந்து சுற்றியது.

"வாங்க அண்ணி. அவரு துணிய நீங்களே மூட்ட கட்டிக்கிறீங்களா, இல்ல நான் கட்டணுமா?" என்றாள் ரமீஸா.

"நீ ஒண்ணும் கட்ட வாணாம். அவன் வந்த சட்டையோட வந்தா போதும்."

வரதன் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். எரிந்தது. பியூஸைப் பிடுங்கிப் பார்த்தான். நன்றாக இருந்தது. பிளக்கில் டேபிள் பேனைச் சொருகினான். சுற்றியது. "பாயிண்டு நல்லா கீது. உங்க மிஷின்தான் அவுட்டு" என்றான்.

"எங்க ஊட்ல ஓடுதுப்பா" என்றாள் பீவி ஜான். "மிஷின கொற சொல்லாத. எடத்த சொல்லு."

"எடமா? எடம் இன்னாம்மா பண்ணும்?"

"சில கை பட்டா சில சாமான் ஓடாது."

"அந்தக் கைதான் உங்க தம்பிக்கு ஆறு வருஷமா சோறு போடுது" என்றாள் ரமீஸா. "அது மட்டும் எப்டி எறங்குது அவருக்கு?"

"எறங்குறதாலதான் மூச்சு நின்னுபோவுது."

வரதனுக்குப் பேஜாராகிவிட்டது. இரண்டு பேரையும் பார்க்காமல் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தான். நூற்று அறுபதில் முள் ஆடியது. இருநூற்று இருபது இருக்க வேண்டிய இடம். "பட்டற ஓடும்போது இந்த லைன்ல இவ்ளோதான் வரும். ஞாயித்துக்கெழம பட்டற லீவு, அதான் அன்னிக்கு ஓடிச்சு" என்றான். பிறகு ஸ்டெப்டவுன் பெட்டியின் அந்தப் பக்கம் மீட்டரை வைத்தான். எண்பது. "இத ஏன் நடுவுல வெச்சிருக்கீங்க? இருக்கறதே கம்மி, அதுல பாதிய இது துண்ணுடுது."

"சவுதி மிஷின். நூத்திப்பத்துதான் தாங்கும். ஒனக்கு தெரியாது" என்றாள் பீவி ஜான்.

வரதன் மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தான். அடியில் ஒட்டியிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நூறுலேந்து இருநூத்தி நாப்பது வரிக்கும்னு போட்டுகீது. இது எல்லாக் கரண்டும் துன்ற மிஷின்மா. எண்பதுலதான் இதுக்குப் பட்டினி. நேரா செவுத்துல போடலாம்."

"எரிஞ்சா எழுதினவனா வந்து வேற குடுப்பான்? ஜூஸர்லயும் இன்னாமோ எழுதித்தான் இருந்துச்சு."

வரதன் பையை மடித்துவிட்டான். மிஷினில் இருந்தது தட்டையான இரண்டு கால் பிளக்கு, நம் சுவரில் போகாது. அதற்கு மாட்டுகிற ஒரு பின்னை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தான். "இத மாட்டி போடுங்க. ஆனா நான் போட மாட்டேன். ஏதாச்சும் ஆச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து என்ன கட்டி வெச்சு ஒதைப்பீங்க." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பீவி ஜான் துணியை விரித்து மிஷினைக் கட்ட ஆரம்பித்தாள். ரமீஸா தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போது நாற்காலியில் குறட்டை நின்றது.

பட்டறையிலும் அந்த நேரம் பார்த்துச் சத்தம் ஓய்ந்திருந்தது. ஜலாலுதீனின் நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, ஆனால் மூச்சு உள்ளே போகிற சத்தமே இல்லை. உதடு கருத்தது. பீவி ஜான் முடிச்சை விட்டுவிட்டு ஓடிப் போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூழ்கி எழுந்தவன் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தான், கண்ணைத் திறக்காமலேயே மறுபடி தூங்கிவிட்டான். கொஞ்ச நேரம் குறட்டை. மறுபடி நின்றது. மறுபடி உலுக்கினாள். இந்த வியாதி வந்த பிறகு அவள் வீட்டில் அவன் மிஷின் மாட்டித் தூங்கித்தான் அவள் பார்த்திருக்கிறாள். மிஷின் இல்லாமல் இப்படி நின்று போவதை அவள் பார்த்ததில்லை.

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? வந்து புடி."

"பத்து நாளா நான் புடிச்சிகினுதான் கீறேன் அண்ணி. அவரு தூங்கும்போது பக்கத்துல குந்திகினு, நிக்கும்போதெல்லாம் வெரலால குத்துவேன். என் வெரல்தான் அவருக்கு மிஷின். அதனாலதான் பத்து நாளா நான் தைக்கல. இன்னிக்கு நீங்க குத்துங்க."

"அந்த மிஷின சொருவு."

"மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன், அவரு தல மேல."

"நான்தான வாங்கினேன். நானே திருப்பிக் குடுக்குறேன். சொருவு."

"சரி, நான் சொருவறேன். எரிஞ்சிடுச்சுன்னா? ஜூஸர் கத ஆறு வருஷமா ஓடுது. இது முப்பது வருஷம் ஓடும். எனக்கு அந்தக் கத வாணாம். நீங்க சொருவுங்க. சத்தியம் வாங்கினவங்க சொருவினா அதுல எனக்கு ஒண்ணுமில்ல."

பீவி ஜான் அந்த முகத்தைப் பார்த்தாள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நகர்கிற முகம் இல்லை அது. சொருகினால் இரண்டில் ஒன்று. எரிந்தால் தம்பிக்கு மிஷின் இல்லை, எரித்தது தன் கை. ஓடினால் மிஷின் ஓடுகிற வீடு இது, தம்பி இங்கேதான். எப்படிப் பார்த்தாலும் தோற்கப் போவது தான்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவனைத் தட்டி எழுப்பி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். பொன்னேரி வரைக்கும் நின்றுகொண்டே போகிற கூட்டம். அவன் உட்கார இடம் கிடைத்தால் தூங்குவான், தூங்கினால் நிற்கும்.

மூன்றாம் தடவை நின்றது.

அவள் துணியை அவிழ்த்தாள். பிளக்கில் அந்தப் பின்னை மாட்டினாள். அவள் வாழ்நாளில் தம்மாம் சாமான் ஒன்றை நேராகச் சுவருக்குக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை. பிஸ்மி சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொருகி, சுவிட்சைத் தட்டினாள்.

புகை இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. குழாயிலிருந்து காற்று சீறியது. ரமீஸா இரண்டு எட்டில் வந்து கவசத்தை எடுத்துப் புருஷன் முகத்தில் மாட்டி, பின்மண்டையில் பட்டையை இழுத்து ஒட்டினாள். பிறகு நாற்காலியோடு அவனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் சத்தமில்லாமல் மூச்சு விட்டான். பட்டறையில் மறுபடி தீப்பொறி பறந்தது, மின்விசிறி சோர்ந்தது, பச்சை விளக்கு மட்டும் அசையவில்லை.

"இன்னிக்கு ஓடுது. நாளைக்கு எரியும்" என்றாள் பீவி ஜான்.

"எரிஞ்சா நீங்க சொருவினது அண்ணி."

"ஒன் வாயில புழு வெக்க."

"வெக்கட்டும். டீ போடட்டா, இல்ல பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

பீவி ஜான் டீ குடிக்கவில்லை. தம்பியின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டு, ஸ்டெப்டவுன் பெட்டியை மட்டும் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சபூரா பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து எதிரே நின்றது. "மாமி, நைனா தூங்குறாரா?" என்று கேட்டது. "தூங்குறான். வாப்பான்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பழவேற்காட்டில் மிஷினை ரிப்பேர் பண்ணியது தான்தான் என்று சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லையே. அது ரமீஸா காதுக்கும் எட்டியது. "ஆமா, அவங்கதான் பண்ணாங்க" என்று அவளும் எல்லோரிடமும் சொன்னாள். அந்த ஆமாவில் இருந்த குத்தல் கேட்டவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, பீவி ஜானுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பெருநாளுக்கு அவள் தம்பி வீட்டுக் கறியை வாங்கவில்லை. அஃப்தாபின் நிக்காஹ் அன்று மாமி முறை செய்ய ரமீஸாவைப் பெயர் சொல்லாமல், "கும்மிடிப்பூண்டிக்காரங்க" என்றே கூப்பிட்டாள். ரமீஸாவும் கேட்காத மாதிரி இருந்து, இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகே எழுந்து வந்தாள். இரண்டு பேரும் அதற்கு மேல் சேரவுமில்லை, அதற்கு மேல் பிரியவுமில்லை.

பீவி ஜான் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜலாலுதீன் கிரேனிலிருந்தே வயதாகி இறங்கினான், மிஷின் இரண்டு மாறிவிட்டது. ரமீஸா இப்போதும் கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கிறாள். வெல்டிங் பட்டறை பக்கத்து லைன் வீட்டை விட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில், புருஷனோடும் மகள் வயிற்றுப் பேத்தியோடும் இருக்கிறாள்.